வீட்டையே சுட்ட குயவர்

தென்காசி மாவட்டத்தில் வீரகேரளம்புதூர் சிற்றாற்றங்கரையில் அமைந்த ஊர். குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு இவ்வூர் வழியாகக் கிழக்கே ஓடித் தாமிரபரணியில் கலக்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் சாரல். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. இந்தப் பக்கத்துச் சிற்றூர்களில் கூரை போன பழைய மண்சுவர் ஒன்று தனியே நின்றால், சில மழைக்காலங்களுக்குள் அது வெறும் மண்மேடாகிவிடும். அதே மேட்டில்தான் சிறுவர்கள் பாண்டி ஆடுவதற்கு ஓட்டாஞ்சில்லு பொறுக்குவார்கள். என்றோ உடைந்த பானையின் சில்லு அது. எத்தனை மழை பெய்தாலும் அதன் விளிம்புகூடக் கரைவதில்லை.

சுவரும் குளத்து மண், சில்லும் குளத்து மண். ஒன்று கரைந்தது, மற்றொன்று கரையவில்லை. இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு நெருப்பு ஒன்றே.

அப்படியானால் சுவரையும் சுட்டுவிட்டால் என்ன? வீடு முழுவதையும் மண்ணால் கட்டி முடித்து, பானையைச் சுடுவதுபோல் அதையும் சுட்டுவிட்டால்? விளையாட்டாகக் கேட்ட கேள்விபோல் இது தோன்றலாம். ஆனால் புதுச்சேரியில் வாழ்ந்த ஒரு மட்பாண்டக் கலைஞர் இக்கேள்வியைப் பத்தாண்டுகளுக்கு மேல் விடாமல் பற்றிக்கொண்டு, உண்மையாகவே வீடுகளைக் கட்டித் தீ மூட்டிப் பார்த்தார். அவர் பெயர் ரே மீக்கர். அவர் செய்தது என்ன, அது எந்த அளவுக்குப் பலித்தது என்பதை அறிய, முதலில் மண் வேகும்போது அதற்குள் நடப்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

எளிய சோதனை ஒன்றை நீங்களே செய்து பார்க்கலாம். குளத்துக் களிமண்ணைப் பிசைந்து, பத்துக் காசு அளவில் மூன்று வில்லைகள் தட்டி, நிழலில் நன்றாக உலர்த்துங்கள். ஒன்றை அப்படியே வையுங்கள். இரண்டாவதைத் தோசைக்கல்லில் வைத்து ஒரு மணி நேரம் வாட்டுங்கள். மூன்றாவதை, வீட்டில் பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, விறகடுப்பில் தணலுக்குள் புதைத்துச் சிவக்கப் பழுக்கும்வரை விடுங்கள். மூன்றும் ஆறியபின் தனித்தனித் தம்ளர் நீரில் போடுங்கள். முதலாவது சில நிமிடங்களில் பொருபொருவென உதிர்ந்து சேறாகும். தோசைக்கல்லில் காய்ந்தது கல்போல் கெட்டியாக இருந்ததே என்று எண்ணுவீர்கள். அதுவும் சற்று நேரத்தில் சேறாகிவிடும். தணலில் பழுத்தது மட்டும் வில்லையாகவே கிடக்கும். ஆக, காய்வது வேறு, வேகுவது வேறு.

ஏன் இப்படி? களிமண்ணில் நீர் இரண்டு வகையாக இருக்கிறது. ஒன்று, நாம் பிசையும்போது ஊற்றிய நீர். களித்துகள்கள் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தகடுகள். இந்நீர் அத்தகடுகளுக்கு இடையே நின்று, ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிச் செல்ல உதவுகிறது. மண்ணுக்கு வனையும் பதம் வருவது இதனால்தான். உலரும்போது இந்நீர் வெளியேற, தகடுகள் நெருங்கி வருகின்றன, பாண்டம் சுருங்குகிறது. ஆனால் மீண்டும் நீர் ஊற்றினால் தகடுகள் பழையபடி விலகிவிடும். இரண்டாவது வகை நீர் தகட்டின் உடம்புக்குள்ளேயே வேதிக் கட்டில் அடங்கியிருப்பது. தூய வெள்ளைக் களியான கேயோலின் 100 கிராம் எடுத்தால் அதில் ஏறத்தாழ 14 கிராம் இந்நீர்தான். இதைத் தோசைக்கல் தொட முடியாது. வெப்பநிலை 450° செல்சியசைத் தாண்டியபின்தான் அது மெல்ல வெளியேறத் தொடங்கும். 600° அளவில் பெரும்பாலும் போய்விடும். அது போனதும் தகட்டின் அமைப்பே குலைந்து புதிய பொருளாகிவிடுகிறது. அதன்பின் எவ்வளவு நீர் ஊற்றினாலும் பழைய களி திரும்புவதில்லை. மண் பானையாவது இந்த இடத்தில்தான்.

600 என்ற எண்ணை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்; பின்னால் வீட்டுச் சுவருக்கு வரும்போது இது மீண்டும் தேவைப்படும்.

அதற்கு மேலும் சூடேற்றினால், 900°க்கு மேல், மண்ணில் உள்ள இரும்பு, சுண்ணாம்பு, பொட்டாசியம் ஆகியவை மணற்சத்தோடு சேர்ந்து ஆங்காங்கே உருகி, கண்ணாடிபோன்ற பசையாகித் துகள்களை ஒட்டுகின்றன. நல்ல செங்கல்லின் உறுதி இதனால் வருவது. வெப்பம் மிஞ்சினால் நம் செம்மண் பாண்டம் தாங்காது. நெளிந்து, உருகி அமர்ந்துவிடும். நாட்டுப் பானைகள் பெரும்பாலும் செங்கல்லைவிடக் குறைந்த சூட்டிலேயே வேகின்றன. இதைக் குறை என்று எண்ண வேண்டாம். காருக்குறிச்சிப் பானையில் தண்ணீர் குளிர்வது அந்த நுண்துளைகளால்தான். துளை வழியே கசியும் நீர் ஒவ்வொரு கிராமும் ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தைப் பானையிலிருந்து எடுத்துச் செல்கிறது. மேலும் சுட்டுத் துளைகளை அடைத்துவிட்டால் கோடையில் அந்தப் பானையை யார் வாங்குவார்கள்?

நெருப்பு மண்ணை இறுக்குவதோடு நிறத்தையும் மாற்றுகிறது. சிற்றாறு சேரும் அதே தாமிரபரணியின் கரையில், ஆதிச்சநல்லூரில், 2004-05ஆம் ஆண்டுகளில் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது 160க்கு மேற்பட்ட தாழிகள் கிடைத்தன. அங்கே கிடைக்கும் கலங்களில் கருப்பு-சிவப்பு வகை உண்டு: உள்ளும் வாயும் கருப்பு, வெளிப்புறம் சிவப்பு. இரண்டு மண்ணைக் கொண்டு செய்ததல்ல, ஒரே மண். காற்றுத் தாராளமாகப் படும் இடத்தில் மண்ணிலுள்ள இரும்பு ஆக்சிஜனோடு முழுதும் சேர்ந்து சிவக்கிறது. கலத்தைக் கவிழ்த்து, உள்ளே உமி போன்றவை புகைய விட்டால் அங்கே ஆக்சிஜன் கிடைப்பதில்லை. புகைக்கரி துளைகளில் படிகிறது. இரும்பும் தன் ஆக்சிஜனில் ஒரு பங்கை இழந்து கருக்கிறது. காற்றைத் திறந்துவிடுவதும் அடைப்பதும் குயவருக்குத் தூரிகை பிடிப்பதற்குச் சமம் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

இனிப் புதுச்சேரிக்குச் செல்வோம்.

1971இல் அங்கே அமெரிக்காவிலிருந்து வந்த இருவர் ஒரு மட்பாண்டக் கூடத்தை நிறுவினர். அதன் பெயர் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி. ஒருவர் டெபோரா ஸ்மித். ஜப்பானிய மொழி படித்து, ஜப்பானில் பிசென் என்னும் புகழ்பெற்ற மட்பாண்ட ஊரில் தொழில் பயின்றவர். மற்றவர் ரே மீக்கர். கலிபோர்னியாவில் முதலில் கட்டடக் கலை படிக்கப் புகுந்து, பின் மட்பாண்டக் கலைக்கு மாறியவர். கட்டடக் கலையை அவர் பாதியில் விட்டதாக அப்போது தோன்றியிருக்கலாம். ஆனால் அது அவரை விடவில்லை.

அக்கூடத்தில் உருவானது நம் நாட்டுப் பானை வகை அல்ல. கற்பாண்டம் எனத்தகும் வகை. இதற்கு வேண்டிய வெப்பம் ஏறத்தாழ 1300° செல்சியஸ். செம்மண் இதைத் தாங்காது. வெண்களிகளை அளவறிந்து கலக்க வேண்டும். இந்தச் சூட்டில் வெந்த பாண்டம் நீரை உறிஞ்சாது. தட்டினால் மணிபோல் ஒலிக்கும். அதன்மேல் கண்ணாடிப் பூச்சு. தூய மணற்சத்து உருக 1700°க்கு மேல் வேண்டும். எந்த நாட்டுச் சூளையும் அங்கே எட்டாது. ஆகவே அதனோடு பெல்ஸ்பார், சுண்ணாம்பு, விறகுச் சாம்பல் போன்றவற்றைச் சேர்த்து உருகும் வெப்பத்தைக் கீழே இறக்குகிறார்கள். சாம்பல் என்றதும் இளக்காரமாக எண்ணக் கூடாது. விறகுச் சாம்பலில் சுண்ணாம்பும் பொட்டாசியமும் மிகுதி. உமிச் சாம்பலில் மணற்சத்து மிகுதி. ஒன்று பூச்சை இளக்கும், மற்றது கெட்டிப்படுத்தும்.

எரிபொருள் சவுக்கு விறகு. புதுச்சேரிக் கடற்கரை மணலில் சவுக்குத் தோப்புகளுக்குக் குறைவில்லை. விறகுச் சூளையில் காற்றைக் குறைத்து எரிக்கும்போது, ஆதிச்சநல்லூர்க் கலத்தில் நடந்த அதே வேதிமாற்றம் கண்ணாடிப் பூச்சுக்குள் நடக்கிறது. நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு இரும்பு கலந்த பூச்சு, காற்றுத் தாராளமாக இருந்தால் மஞ்சளாகும். காற்றைக் குறைத்தால் இளம் பச்சையாகும். இரும்பைப் பத்துப் பங்கு வரை கூட்டினால் கருமையான பழுப்பு வரும். செம்பு கலந்ததோ, காற்றில் பச்சை, புகையில் சிவப்பு. சூளையைத் திறக்கும்வரை எது வந்திருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஒவ்வொரு சூளைக்கும் குறிப்பு எழுதி, அடுத்த முறை ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பதே வழி. இது ஆய்வுக்கூட முறைதான். ஆய்வாளர் கையில் சேறு சற்று அதிகம், அவ்வளவே.

உள்ளூர்த் தொழிலாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து டெபோரா ஸ்மித் அன்றாடப் பயன்பாட்டுப் பாண்டங்களை உருவாக்கினார். 1980களிலிருந்து மீக்கர் மாணவர்களுக்குக் கற்பித்தார். இன்று இந்தியாவில் அறியப்பட்ட மட்பாண்டக் கலைஞர்களில் ஆதில் ரைட்டர், வினீத் கக்கர், கிறிஸ்டின் மைக்கேல், மாதவி சுப்பிரமணியன், ராக்கி கேன் எனப் பலர் அங்கே பயின்றவர்கள்.

நாள்தோறும் சூளையோடு பழகும் ஒருவருக்கு ஓர் உண்மை கண்ணை உறுத்தும். எரித்த விறகின் வெப்பத்தில் பாண்டங்களுக்குப் போவது ஒரு பங்குதான். பெரும்பங்கு புகைபோக்கி வழியே போகிறது. இன்னொரு பெரும்பங்கைச் சூளையின் சுவர்களும் வளைகூரையும் விழுங்கிவிடுகின்றன. சூளை ஆறும்போது அது வீணாகிறது. மேலும் ஒன்று: சூளை என்பது என்ன? நான்கு சுவரும் வளைகூரையும் கொண்ட ஓர் அறை. சற்றுப் பெரிதாகக் கட்டினால் ஆள் குடியிருக்கலாம்!

இந்த எண்ணம் முதலில் செயலானது ஈரானில். நாதர் கலீலி என்னும் கட்டடக் கலைஞர் 1970களின் நடுவில் தம் நகரத்து வேலையை விட்டுவிட்டு, மோட்டார் சைக்கிளில் பாலைவன ஊர்களைச் சுற்றினார். நிலநடுக்கத்திலும் மழையிலும் மண்வீடுகள் அழிவதைக் கண்டார். அவற்றுக்கு நடுவே பழைய சூளைகள் மட்டும் உறுதியாக நிற்பதையும் கண்டார். மண்வீட்டையே உள்ளிருந்து சுட்டுக் கல்லாக்கும் முறைக்கு ‘கெல்தப்தான்’ என்று பெயரிட்டார்; களிமண், சுடுதல் என்று பொருள்படும் இரண்டு பாரசீகச் சொற்களின் சேர்க்கை அது. அவருடைய முயற்சியே மீக்கருக்குத் தூண்டுகோல் ஆயிற்று. 1980களின் நடுவில் அவர் தம் சோதனைகளைத் தொடங்கினார்.

இந்த வீட்டுக்குத் தட்டைக் கூரை ஆகாது. மண்ணைத் தூக்கிப் பிடித்து இழுத்தால் எளிதில் அறுந்துவிடும். அழுத்தினால் நன்றாகத் தாங்கும். தட்டைக் கூரையின் அடிப்புறம் எப்போதும் இழுபட்டுக்கொண்டே இருக்கும். அதனால்தான் கம்பி வேண்டியிருக்கிறது, அல்லது உத்திரம் வேண்டியிருக்கிறது. வளைகூரையில் ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லை அழுத்துவதன்றி, இழுப்பு எங்கும் இல்லை. ஆனால் வளைவு சரியான வளைவாக இருக்க வேண்டும். ஒரு சங்கிலியின் இரு முனைகளையும் பிடித்துத் தொங்க விடுங்கள். அதன் வளைவில் இழுப்பு மட்டுமே உண்டு. அதே வளைவைத் தலைகீழாக நிறுத்தினால் அழுத்தம் மட்டுமே இருக்கும். இதை 1675இல் கண்டு கூறியவர் இராபர்ட் ஹூக். பிறர் அறிந்துவிடக் கூடாதென்று எழுத்துகளைக் கலைத்து ஒரு புதிராகவே அவர் வெளியிட்டார் என்பது சுவையான செய்தி. ஆனால் எகிப்தின் நூபியக் கொத்தர்கள் ஹூக்கைக் கேட்காமலே, சாரமும் பலகையும் இன்றி, பின்சுவரில் சாய்த்துச் சாய்த்துப் பச்சை மண்கற்களால் இவ்வளைவைக் கட்டி வந்தார்கள். அந்தக் கலையை உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹசன் பாத்தி.

மீக்கரின் முறையைச் சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான். வீடு கட்டும் இடத்து மண்ணிலேயே பச்சைச் செங்கல் அறுத்து, அதே மண்சேற்றால் சுவரும் வளைகூரையும் எழுப்ப வேண்டும். நன்றாக உலர விட வேண்டும். பின் வீட்டுக்குள் பச்சைச் செங்கல், தரை ஓடு முதலியவற்றை இடைவெளி விட்டு அடுக்கி, வாயில்களை அடைத்து, அடியில் எரிவாய்களும் புகை போக வழியும் அமைக்க வேண்டும். வீடு இப்போது சூளையாகிவிட்டது. மெல்லிய தீயில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றி, இரவுபகலாகச் சில நாட்கள் எரிக்க வேண்டும். ஆறியபின் உள்ளே வெந்ததையெல்லாம் எடுத்துவிட்டால் எஞ்சுவது சுட்ட வீடு. ‘நெருப்பில் பிறந்தது’ என்று பொருள்படும் ‘அக்னிஜாதா’ என்னும் பெயருடைய வீடும் இவற்றுள் ஒன்று.

தொடக்கத்தில் மெல்லிய தீ ஏன் என்று கேட்கலாம். நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1700 மடங்கு பெருகுகிறது. ஈரச் சுவரை அவசரமாகச் சூடாக்கினால் ஆவி வெளியேற வழியின்றிச் சுவரை வெடிக்கச் செய்துவிடும். 573°இல் இன்னொரு கண்டம் இருக்கிறது. மண்ணிலுள்ள குவார்ட்சு மணல் அந்த வெப்பநிலையில் திடீரென ஒரு வடிவத்திலிருந்து மற்றொரு வடிவத்துக்கு மாறிச் சற்றே விரிகிறது; ஆறும்போது அதே இடத்தில் சுருங்குகிறது. சிறு பானையிலேயே இது விரிசலை உண்டாக்கும். வீட்டுச் சுவரில் ஒருபுறம் மாறி மறுபுறம் மாறாமல் நின்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

உண்மையான சிக்கல் இந்தச் சுவரின் தடிமன்தான். பானையின் சுவர் சில மில்லிமீட்டர். வீட்டின் சுவரோ குறைந்தது 23 சென்டிமீட்டர். மண்ணில் வெப்பம் ஊடுருவும் வேகத்தைக் கொண்டு கணக்கிட்டால், இவ்வளவு தடிமனை அது கடக்க ஒரு நாளுக்கு மேல் ஆகிறது. தடிமனை இரட்டித்தால் நேரம் இரு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. உட்புறம் 900° எட்டி நன்றாக வெந்துவிட்டாலும், காற்றுப்படும் வெளிப்புறம் வெகுவாகப் பின்தங்கியே இருக்கும். அதற்காக உள்ளே தீயை மேலும் கூட்டவும் முடியாது. கூரையின் பாரத்தைச் சுமந்துகொண்டிருக்கும் சுவர் அது. இளகத் தொடங்கினால் வீடு அமர்ந்துவிடும். ஆகவே வெளிப்புறத்தில் மண் பூசி வெப்பத்தைப் போகாமல் காக்க வேண்டியிருக்கிறது. இங்கேதான் முன்பு நினைவில் வைத்த எண் உதவிக்கு வருகிறது. சுவர் முழுவதும் செங்கல் ஆக வேண்டும் என்பதில்லை. மழையில் கரையாமல் நிற்க, வெளிப்புறம் 600° அளவை எட்டினால் போதும்.

விறகுக் கணக்கு இதைவிடச் சுவையானது. எரிந்த வெப்பத்தில் ஏறத்தாழ 40 விழுக்காட்டை வீடு எடுத்துக்கொள்கிறது. மற்றதில் ஒரு பங்கு உள்ளே அடுக்கிய பொருள்களைச் சுடுவதற்குப் போகிறது என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். சாதாரணச் சூளையில் சுவர் விழுங்கும் வெப்பம் நட்டம். இங்கே அந்த நட்டம்தான் வீடு. உள்ளே வெந்த செங்கல்லையும் ஓட்டையும் விற்றால் விறகுச் செலவின் பெரும்பகுதி திரும்பிவிடும். சிமெண்டோ கம்பியோ தொலைவிலிருந்து வர வேண்டியதில்லை. செலவாகும் பணம் பெரும்பாலும் அந்த ஊர்க் கொத்தருக்கும் சித்தாளுக்குமே கூலியாகச் சேரும். மண்ணின் விலையில் செங்கல்லின் உறுதி! ஏழைக்கு மழையில் கரையாத வீடு என்ற நோக்கில் இதைவிட அழகான கணக்கு ஒன்றை நான் கண்டதில்லை.

இவ்வளவு அழகான கணக்கு ஏன் ஊரெங்கும் பரவவில்லை? மீக்கர் 1990களின் இறுதிவரை இதில் உழைத்தார். வீடுகள் நின்றன. ஆயினும் தென்காசிப் பக்கத்தில் சுட்ட வீடு ஒன்றைக்கூட நாம் காண்பதில்லை. என் எண்ணத்தில் இதற்குக் காரணம் ஒன்றல்ல. உள்ளே வெந்த செங்கல் விற்றால்தான் கணக்குச் சரியாகும். ஒரு வீட்டுக்கு ஆயிரக்கணக்கில் செங்கல் வரும்போது, தெருவில் பத்து வீடு சுட்டால் வாங்குவதற்கு ஆள் ஏது? அடுத்தது மண். கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் நீரில் ஊதி, வெயிலில் பாளம்பாளமாக வெடிக்கும் வகை. அதில் கட்டிய சுவர் தீயைக் காணும் முன்பே பிளந்துவிடும். செம்மண்ணும் குளத்துக் களியும் சேரும் இடம் வாய்க்க வேண்டும். வளைகூரை எழுப்பத் தெரிந்த கொத்தரும், சூளையின் தீயைப் படிக்கத் தெரிந்த குயவரும் ஒரே ஊரில் கிடைக்க வேண்டும். இத்தனையும் அமைந்தாலும், வளைந்த கூரையில் நெல் காயப்போட முடியாது, வற்றல் போட முடியாது, நாளை மகனுக்கு மேலே ஒரு மாடி எடுக்கவும் முடியாது. இதை அற்பக் காரணம் என்று பொறியாளர்கள் தள்ளிவிடலாம். வீட்டில் இருக்கப் போகிறவர்கள் தள்ளமாட்டார்கள்.

விறகும் இருக்கிறது. செங்கல்லாக வாங்கினாலும் விறகோ கரியோ எங்கோ எரிந்துதான் வருகிறது என்பது உண்மை. ஆனால் எரிக்காமலே மண்ணைக் கரையாமல் செய்யும் இன்னொரு வழி அருகிலேயே வளர்ந்தது. புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லில் மண்ணோடு ஏறத்தாழ 5 விழுக்காடு சிமெண்டு கலந்து, கைப்பொறியால் அழுத்திக் கல்லாக்கினார்கள். அம்முறையில் கட்டிய பார்வையாளர் மையம் 1992இல் ஹசன் பாத்தி பெயரில் அமைந்த விருதைப் பெற்றது. தீயின் துணையின்றிக் கல் கிடைக்கும்போது, இரவுபகலாகத் தீயருகே நிற்க எத்தனை பேர் முன்வருவார்கள்?

இத்துடன் சுட்ட வீட்டின் கதை முடிந்ததென்று எண்ணியிருந்தோருக்கு 2008இல் ஒரு வியப்புக் காத்திருந்தது. புதுச்சேரியில் வொலான்தாரியா என்னும் தொண்டு நிறுவனம் ஆதரவற்ற குழந்தைகளுக்கு இல்லம் கட்ட முன்வந்தபோது, கட்டடக் கலைஞர் அனுபமா குண்டு, மீக்கரைத் துணைக்கு அழைத்து இம்முறையையே கையாண்டார். வளைகூரைக் குடில்களை மண்ணால் எழுப்பி, உள்ளே செங்கல் முதலியவற்றை அடுக்கித் தீ மூட்டினார்கள். பழைய சைக்கிள் சக்கர வளையங்கள் கட்டும்போது அச்சாகவும் பின்னர்ச் சன்னல் கம்பியாகவும் பயன்பட்டன. கழிப்பறைச் சுவர்களில் கண்ணாடிப் புட்டிகளைச் செங்கல்போல் வைத்துக் கட்டினார்கள்.

மீக்கர் இதனிடையே ஆள் உயரத்துக்கும் மேற்பட்ட பெரிய சுடுமண் சிற்பங்களில் ஈடுபட்டார். சுவரின் தடிமனும், மெல்லத் தீ ஏற்றும் பொறுமையும், ஆறும்போது வரும் விரிசலும் அங்கும் அவரைவிட்டு அகலவில்லை. அத்தனை பெரிய உருவம் உலர்ந்து வெந்து முடிவதற்குள் பத்தில் ஒரு பங்களவு சுருங்கிவிடும்; சுருங்கியபின் எப்படி நிற்கும் என்பதை ஈர மண்ணாக இருக்கும்போதே மனத்தில் கண்டாக வேண்டும்.

உங்கள் ஊர்க் குளத்து மண் எவ்வளவு சுருங்கும் என்று அறிய வேண்டுமானால், முன்சொன்ன வில்லையைத் தட்டும்போதே அதன்மேல் சரியாக 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு கீறும்படி பெரிய வில்லையாகத் தட்டுங்கள். உலர்ந்தபின் ஒரு முறையும், தணலில் பழுத்து ஆறியபின் ஒரு முறையும் கோட்டை அளந்து எழுதி வையுங்கள்.